தெரிந்தவர் எழுதிய புத்தகத்துக்கும் நேர்மையாக மதிப்புரை எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் ஒருவர் புத்தகம் போட்டால், அதற்கு மதிப்புரை எழுத உட்காருபவருக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பிள்ளைக்குப் பாடம் எடுத்தவராக இருப்பார், பக்கத்து ஹட்டிக்காரராக, அதாவது பக்கத்துப் படுகர் ஊர்க்காரராக இருப்பார், கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை போட வரும்போது பேசிக்கொள்பவராக இருப்பார். குன்னூர், உதகை, கூடலூர், கொடைக்கானல் எங்கும் இதே கதைதான். எழுதியவர், விற்பவர், படிப்பவர், விமர்சிப்பவர் நால்வரும் ஒரே மார்க்கெட்டில் காய்கறி வாங்குகிறார்கள்.

அதனால் இங்கே மதிப்புரைகள் இரண்டு விதமாகப் போய்விடுகின்றன. ஒன்று, வாயாரப் புகழ்ந்துவிடுவது. இன்னொன்று, வாயே திறக்காமல் இருந்துவிடுவது. இரண்டிலும் ஏமாறுபவர் நானூறு ரூபாய் கொடுத்துப் புத்தகம் வாங்கப் போகும் வாசகர். எழுத்தாளரும் ஏமாறுகிறார், அவருக்கு அது தெரிய நாளாகும்.

துணிச்சல் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. துணிச்சல் ஒரு நாள் கைகொடுக்கும், அடுத்த முறை அந்த எழுத்தாளரைக் கல்யாண வீட்டுப் பந்தியில் பார்க்க வேண்டும் என்று நினைத்ததும் கைவிட்டுவிடும். பழகிய ஊரில் நேர்மையாக எழுத ஒரு செய்முறை வேண்டும். பக்க எண், குறிப்பு, சரிபார்ப்பு, வெளிப்படையான ஒரு வரி என்று ஒவ்வொரு படியாகப் போனால், எழுதும் நேரத்தில் தனியாகத் தைரியம் தேட வேண்டியதில்லை.

புத்தகத்தைக் கையில் வாங்கும் முன்

முதல் கேள்வி: இந்தப் புத்தகம் நன்றாக விற்றாலோ விற்காமல் போனாலோ உங்களுக்கு ஏதாவது ஆகுமா? ஆகும் என்றால் எழுத வேண்டாம். சொந்த ரத்த உறவு, சம்பந்தி வீடு, கூட்டுத் தொழில், கடன் கொடுக்கல் வாங்கல், நிலத் தகராறு, உங்கள் புத்தகத்தையும் போடும் பதிப்பகம் எல்லாம் இந்த வகை. பகையும் இதில் சேரும். பிடிக்காதவரின் புத்தகத்தைப் பொறுமையாகப் படித்து நியாயமாக எழுதிவிடலாம் என்று தோன்றும். படிக்கும்போதே மனம் பிழை தேடத் தொடங்கிவிடும், நல்ல பத்தியைக் கண் தாண்டிவிடும்.

நட்பு, ஒரே ஊர், ஒரே அலுவலகம், ஒரே வாசகர் வட்டம் போன்றவை வேறு வகை. இவற்றுக்காக ஒதுங்கினால் மலையில் யாரும் எதைப் பற்றியும் எழுத முடியாது. எழுதலாம், ஆனால் உறவைச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். அது மதிப்புரையின் முதல் பத்திக்குள், சாதாரண வாக்கியமாக வர வேண்டும். "இந்நூலாசிரியரும் நானும் ஆறு ஆண்டுகள் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். கைப்பிரதி நிலையில் இரண்டு அத்தியாயங்களைப் படித்துக் கருத்துச் சொல்லியிருக்கிறேன்." இவ்வளவு போதும். "நண்பர் என்றாலும் நடுநிலையோடு எழுதுகிறேன்" என்று சேர்க்க வேண்டாம். நடுநிலையா இல்லையா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். கைப்பிரதியைத் திருத்திக் கொடுத்தவர், அணிந்துரை எழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் மதிப்புரை எழுதவே கூடாது. புத்தகத்தில் அவர் கையும் இருக்கிறது.

இலவசப் பிரதி பற்றிய குழப்பம் பெரிது. பிரதி வாங்கிக்கொள்வது தவறில்லை. வாங்கியதால் நீங்கள் கடன்பட்டது ஒன்றே ஒன்று: திறந்து படிப்பது. எழுதவே வேண்டும் என்ற கடமைகூட இல்லை. இதைப் பிரதி வந்த அன்றே எழுத்தில் சொல்லிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. ஒரு மாதிரி:

"பிரதி கிடைத்தது சார், நன்றி. முழுக்கப் படித்த பிறகுதான் எழுதுவதா என்று முடிவு செய்வேன். எழுதினால் நிறை, குறை இரண்டும் வரும். வெளிவரும் முன் காட்ட முடியாது. தகவல்களில் சந்தேகம் இருந்தால் உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன்."

பிறகு மதிப்புரையில், "பிரதி நூலாசிரியர் அனுப்பியது" என்று ஒரு வரி. இது மரியாதைக்காக மட்டும் சொல்வதல்ல. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு எதிராக 2022 ஜூனில் ஒன்றிய அரசு கொண்டுவந்த நெறிமுறைகள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே பரிந்துரையின் நம்பகத்தைப் பாதிக்கும் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படுத்தச் சொல்கின்றன. பணத்தோடு, பரிசும் இலவசமாகக் கிடைத்த பொருளும் அப்படிப்பட்ட தொடர்புதான் என்பதை 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட விளக்கம் எடுத்துச் சொல்கிறது. பணம் வாங்கிக்கொண்டு எழுதுவது மதிப்புரையே அல்ல. அது விளம்பரம், அந்தப் பெயரிலேயே வர வேண்டும்.

மொய் முறை இன்னொரு நோய். நீ என் கவிதைத் தொகுப்புக்கு எழுது, நான் உன் நாவலுக்கு எழுதுகிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனாலும் மொய் நோட்டில் பதிந்த கணக்கு மாதிரி மனத்தில் இருக்கும். உங்கள் புத்தகத்துக்கு எழுதியவரின் புத்தகம் உங்கள் கைக்கு வந்தால், குறைந்தது ஓராண்டு அதை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படிப்பதும் குறிப்பெடுப்பதும்

முதலில் பதிப்பு விவரப் பக்கம். முதல் பதிப்பா, மறுபதிப்பா, எந்த ஆண்டு, இதற்கு முன் இதழ்களில் வந்தவற்றின் தொகுப்பா என்று பாருங்கள். 1998இல் எழுதிய கட்டுரையை இன்றைய நிலவரம் தெரியவில்லை என்று திட்டுவது அநியாயம். பழைய கட்டுரைகளை ஆண்டு குறிப்பிடாமல் புதிது மாதிரித் தொகுத்திருந்தால் அது பதிப்பாளரின் குறை, அதைச் சொல்லலாம்.

அடுத்து நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுங்கள். அணிந்துரை, வாழ்த்துரை, பின்னட்டை வாசகம் எல்லாம் கடைசியில். அவை முதலில் மனத்தில் ஏறிவிட்டால், அந்தச் சொற்களே மதிப்புரையிலும் வந்து விழும். நூலையும் நூலாசிரியரையும் அறிமுகம் செய்யும் முன்னுரையான சிறப்புப் பாயிரத்தைச் சொல்ல உரியவர் யார் யார் என்று நன்னூல் ஒரு பட்டியல் தருகிறது: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணவர், நூலுக்கு உரை எழுதியவர். நால்வரும் வேண்டியவர்கள். வேண்டியவர் புகழ்ந்து எழுதுவதற்கென்று நம் மரபிலேயே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மதிப்புரைக்கு அங்கே இடமில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். முதல் பத்தியில் பக்க எண். இரண்டாவதில் புத்தகம் சொன்னது, முடிந்தவரை அதன் சொற்களிலேயே. மூன்றாவதில் உங்களுக்குத் தோன்றியது. இரண்டாவதும் மூன்றாவதும் கலக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். கலந்துவிட்டால், பத்து நாள் கழித்து எழுத உட்காரும்போது ஆசிரியர் சொன்னது எது, நாம் நினைத்தது எது என்று தெரியாது. அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிடும் தவறு பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

இருநூறு பக்கப் புத்தகத்துக்கு இருபத்தைந்து முதல் நாற்பது குறிப்புகள் வரும். பத்துக்குக் கீழே இருந்தால் கண்ணை ஓட்டியிருக்கிறீர்கள், படிக்கவில்லை. நூற்றைத் தாண்டினால் பிழை வேட்டை ஆடியிருக்கிறீர்கள். மூன்றாவது பத்தியை எண்ணிப் பாருங்கள்: எல்லாம் குறையாகவோ எல்லாம் பாராட்டாகவோ இருந்தால் நாலு நாள் விட்டு இரண்டு அத்தியாயங்களையாவது திரும்பப் படியுங்கள். எப்படியும் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் இரண்டு முறை படிக்க வேண்டும். முதலில் தந்த வாக்கைக் கடைசியில் காப்பாற்றினாரா என்பது அப்போதுதான் தெரியும்.

முழுக்கப் படிக்க முடியவில்லையா? எழுதலாம், ஆனால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்று சொல்ல வேண்டும். "112ஆம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன், அதுவரை மூன்று முறை அதே வழக்கு விசாரணை வந்துவிட்டது" என்பது நேர்மையான குறிப்பு. அதற்கு மதிப்புரை என்று பெயர் வைக்கக் கூடாது, அவ்வளவே.

அச்சு, கட்டு பற்றி ஒரு வார்த்தை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் வீட்டுக்குள் இருக்கும் தாள்கூட ஈரம் குடிக்கும். பக்கம் அலை அலையாக நெளியும், பசை வைத்து ஒட்டிய முதுகு விட்டுப்போகும், ஓரத்தில் பூஞ்சணம் புள்ளி வைக்கும். இதைப் பார்த்து "மட்டமான தயாரிப்பு" என்று எழுதிவிடாதீர்கள். கடையிலோ நூலகத்திலோ இன்னொரு பிரதியை நடுவில் விரித்துப் பாருங்கள். அதுவும் விட்டால் ஒட்டியதில் குறை. உங்கள் பிரதி மட்டும் விட்டால் உங்கள் அலமாரியில் குறை. பக்கம் மாறிப்போயிருப்பது, வெற்றுப் பக்கம் வந்திருப்பது போன்றவையும் ஒரு பிரதியோடு நின்றுவிடலாம். மாற்றுப் பிரதி கேட்டு வாங்கிய பிறகு பேசுங்கள்.

குறை என்று சொல்வதற்கு முன் சரிபாருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மலையைப் பற்றிய புத்தகங்களில் தகவல் பிழை மலிந்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுபவர்கள் செய்யும் பிழையும் அதற்குக் குறைவில்லை.

நேராகத் தவறு என்று சொல்லக்கூடியவை உண்டு. 1899இல் மலை ரயில் ஊட்டிக்கு வந்தது என்று ஒரு புத்தகம் சொன்னால் தவறு. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் ஓடியது, உதகைக்கு நீண்டது 1908இல். கதாநாயகன் ரயிலிலேயே கொடைக்கானல் போய் இறங்கினால் தவறு. கொடைக்கானல் ரோடு நிலையம் கீழே சமவெளியில் இருக்கிறது, அங்கிருந்து மலைப்பாதையில் ஏற வேண்டும். தொட்டபெட்டாவைத் தென்னிந்தியாவின் உயரமான சிகரம் என்றால் தவறு. அது 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695. ஜூலை மாத உதகையில் உறைபனி படர்ந்த புல்வெளி வந்தால் தவறு, அது பெரும்பாலும் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்ட காட்சி. சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1960இல் இலங்கையிலிருந்து வந்த குடும்பம் என்று ஒரு நாவல் சொன்னால் தவறு, ஒப்பந்தம் போட்டதே 1964இல்.

இதே வரிசையில் நிதானிக்க வேண்டியவையும் உண்டு. குறிஞ்சி பூத்ததாக ஓர் ஆண்டை ஆசிரியர் சொல்கிறார். உடனே பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப் போட்டு, 2006, 2018, அடுத்தது 2030, ஆகவே இவர் சொல்வது பொய் என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கணக்கு நீலக்குறிஞ்சி என்ற ஓர் இனத்துக்கு. குறிஞ்சிக் குடும்பத்தில் பல இனங்கள் இந்த மலைகளில் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் பூக்கும் இடைவெளி வேறு. ஆசிரியர் எந்த இனத்தைச் சொல்கிறார், எந்தச் சரிவில் பார்த்ததாகச் சொல்கிறார் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால் தவறு உங்களுடையதாகிவிடும். "எந்தக் குறிஞ்சி என்பதை ஆசிரியர் சொல்லியிருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

சரிபார்க்க ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்திலுள்ள ஆண்டு, எண், இடப்பெயர், ஆள்பெயர் ஆகியவற்றில் பத்தைப் பொறுக்கி எடுங்கள். ஐந்து கதைக்கோ வாதத்துக்கோ உயிரானவையாக இருக்கட்டும், ஐந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆதாரம் தேடுங்கள். நீலகிரிக்கு 1880இல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடும், 1908இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் பழைய ஆண்டுக்கணக்குக்கு உதவும். மனிதர்களைப் பற்றி அவை சொல்வதை அப்படியே எடுக்க வேண்டாம், ஆட்சி செய்தவர்களின் கண்ணில் பட்டதுதான் அங்கே இருக்கிறது. உதகையில் 1859 முதல் இயங்கும் நீலகிரி நூலகத்திலும் பழைய நூல்கள் உண்டு. பத்தில் ஒன்று தவறினால் பெயர் சொல்லிச் சுட்டிவிட்டுப் போகலாம். நாலைந்து தவறினால் அதுவே மதிப்புரையின் முக்கியச் செய்தி. மெய்ப்பு பார்க்காத குறையா, ஆராயாத குறையா என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். 1908 ஓரிடத்தில் 1980 என்று வந்திருந்தால் கை தவறியது. புத்தகம் முழுக்க 1899 என்றே இருந்தால் ஆசிரியருக்குத் தெரியவில்லை.

தொல்குடிகளைப் பற்றிய புத்தகமானால் கூடுதல் கவனம் வேண்டும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகளும் வாழும் மாவட்டம் நீலகிரி. தோடர்களைப் பற்றி மானிடவியலாளர் ரிவர்ஸ் எழுதிய பெரிய நூல் 1906இல் வந்தது. அதில் உள்ள வழக்கங்களை எடுத்து, "இன்றும் இம்மக்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள்" என்று நிகழ்காலத்தில் எழுதிவிடும் புத்தகங்கள் இருக்கக்கூடும். கண்டுபிடிப்பது சுலபம்: ஆசிரியர் எந்த மந்துக்கு (தோடர் குடியிருப்புக்கு) போனார், எந்த ஆண்டு, யாரோடு பேசினார் என்று தேடுங்கள். ஒன்றுமே இல்லாமல் நுணுக்கமான சடங்கு விவரம் மட்டும் இருந்தால், அது எங்கிருந்தோ எடுத்தது. முடிந்தால் அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் இரண்டு அத்தியாயங்களைப் படிக்கக் கொடுங்கள். அவர் சொன்னதை அவர் சம்மதத்தோடு மட்டும் எழுதுங்கள். சமூகம் முழுவதன் கருத்தாக ஆக்கிவிட வேண்டாம், அது ஒரு வாசகரின் கருத்து.

வேறொரு நூலிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தாண்டிருக்கிறார் என்ற சந்தேகம் வலுத்தால், இரண்டு நூலின் பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். மூன்று இடத்திலாவது வாக்கியம் வாக்கியமாக ஒத்துப்போக வேண்டும். பிறகு ஆசிரியரிடம் கேளுங்கள், பதில் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். மதிப்புரையில் "திருடியிருக்கிறார்" என்ற சொல் வேண்டாம். "இந்த மூன்று பத்திகளும் இன்ன நூலின் இன்ன பக்கங்களோடு ஒத்திருக்கின்றன, அந்நூலின் பெயர் எங்கும் குறிப்பிடப்படவில்லை" என்று எழுதி, பத்திகளைத் தந்துவிடுங்கள்.

மொழியைப் பிழை என்று சொல்லாதீர்கள்

சமவெளியில் படித்தவர்கள் மலை நாவலுக்கு எழுதும்போது அடிக்கடி சறுக்கும் இடம். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கங்காணி (மேற்பார்வையாளர்), கொழுந்து (பறிக்கும் இளந்தளிர்), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) எல்லாம் தேயிலைத் தோட்டத்துத் தமிழ். ஹட்டி படுகர் சொல், மந்து தோடரின் குடியிருப்பு. இவற்றைக் கொச்சை என்றோ அச்சுப்பிழை என்றோ எழுதினால் மதிப்புரையாளர் மீதே நம்பிக்கை போய்விடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: சூழலிலிருந்தே சொல் புரிகிறதா? ஒரே சொல் பக்கத்துக்குப் பக்கம் எழுத்து மாறி வருகிறதா? தோட்டத்துப் பாட்டியும் பேத்தியும் அதிகாரியும் ஒரே மாதிரிப் பேசுகிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அதைக் குறையாகச் சொல்லலாம், இரண்டு உரையாடல்களை எடுத்துக் காட்டி.

குறைக்குப் பெயர் வையுங்கள்

"நன்றாக இல்லை", "விறுவிறுப்பு இல்லை", "ஒட்டவில்லை" என்பவை யாருக்கும் உதவாத சொற்கள். நன்னூலை எழுதிய பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தி, ஒரு நூலுக்கு வரும் குற்றங்களைப் பத்தாக வகுத்து வைத்திருக்கிறார். பாடமாக மனப்பாடம் செய்ததை ஒருமுறை கருவியாக எடுத்துப் பாருங்கள்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல், நின்றுபயன் இன்மை.

குன்னூர் வரலாறு எழுத வந்தவர் அறுபது பக்கத்துக்கு ஆங்கிலேயத் துரைமார் வேட்டையாடியதை எழுதிக்கொண்டிருந்தால் மற்றொன்று விரித்தல். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பம் ஒன்றின் கதை, மண்டபம் முகாம் வரை உயிரோடு வந்து, மலைக்கு ஏறியதும் கடைசி நாற்பது பக்கத்தில் மூன்று தலைமுறையை அவசரமாக முடித்தால் சென்றுதேய்ந்து இறுதல். 40ஆம் பக்கத்தில் ஒற்றைப் பிள்ளையாக வந்தவருக்கு 190இல் தங்கை முளைத்தால் மாறுகொளக் கூறல். இப்படிப் பெயர் வைத்ததும், எந்தப் பக்கம் என்ற கேள்வி தானாக வரும். பக்கம் காட்ட முடியாத குறையை எழுதாதீர்கள். காட்ட முடிந்த குறையைத் தெரிந்தவர் முகத்துக்காக விழுங்காதீர்கள்.

நிறைக்கும் இதே அளவுகோல்தான். "அருமையான நடை" என்றால் எந்த வரியில் என்று காட்டுங்கள். ஆதாரமில்லாத புகழ்ச்சியும் பொய்தான், இரக்கத்தில் சொன்னது என்பதால் அது உண்மையாகிவிடாது.

இதையெல்லாம் ஆசிரியர் எடுத்துக்கொண்ட வேலையை வைத்தே அளக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கான எண்பது பக்கப் பறவைக் கையேட்டில் அடிக்குறிப்பு இல்லை என்று குறை சொல்லக் கூடாது. படத்தில் இருக்கும் பறவையும் பெயரும் பொருந்துகிறதா, கொண்டையின் நிறம் அச்சில் மாறிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அந்தப் புத்தகத்தின் வேலை. நீங்கள் விரும்பிய புத்தகம் வேறாக இருக்கலாம், அதை அவர் எழுதவில்லை.

எழுதுவது

எழுநூறு முதல் தொள்ளாயிரம் சொல் ஒரு நல்ல அளவு. முதல் கால் பகுதியில் புத்தகம் எதைப் பற்றியது, யாருக்காக, எத்தனை பக்கம், என்ன விலை, உங்கள் உறவு என்ன. நடுவில் பாதிக்கு மேல் புத்தகத்தின் உள்ளே. தீர்ப்பு கடைசியில் நாலைந்து வரி போதும். நாவலானால், மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய பிறகு வரும் திருப்பங்களைச் சொல்ல வேண்டாம். சொன்னால்தான் குறையை விளக்க முடியும் என்றால் முன்கூட்டியே எச்சரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மேற்கோள் இரண்டு மூன்று, ஒவ்வொன்றும் நாலு வரிக்குள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது, சொல் கணக்கு எதுவும் சொல்லவில்லை. எட்டு வரிக் கவிதையை முழுதும் எடுத்துப் போட்டுவிட்டு "அருமை" என்று எழுதுவது நியாயமான அளவு ஆகாது. ஒற்றெழுத்துக்கூட மாறாமல் எடுத்தெழுதுங்கள். நடுவில் விட்டால் புள்ளி வையுங்கள். விட்டதால் பொருள் மாறுகிறதா என்று புத்தகத்தைத் திறந்து இன்னொரு முறை பாருங்கள்.

ஒரு வாக்கியத்தை எப்படித் திருத்துவது என்று பார்ப்போம். குறிப்பேட்டிலிருந்து முதலில் வந்து விழுவது இப்படி இருக்கும்:

"ஆசிரியருக்குத் தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை சுத்தமாகத் தெரியவில்லை. ஏதோ கேள்விப்பட்டதை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்."

இதில் இரண்டு வாக்கியமும் ஆசிரியர் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியவை. அது உங்களுக்குத் தெரியாது. ஒருவேளை அவர் லயத்தில் பிறந்தவராகவே இருக்கலாம். புத்தகத்துக்குத் திரும்பிப் போனால் இப்படி ஆகும்:

"கொழுந்து பறிக்கும் காட்சி ஏழு இடங்களில் வருகிறது. ஏழிலும் பெண்கள் பாடிக்கொண்டே பறிக்கிறார்கள். எடை போடும் இடம், அங்கே கழிக்கும் கிலோ, மழையில் அட்டை கடிப்பது, கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்பது ஒரு முறைகூட வரவில்லை. 88ஆம் பக்கத்தில் மாரியின் விரல் வெடிப்பைப் பற்றி வரும் மூன்று வரி மட்டும் வேறு தரத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணோடு மற்ற ஆறு காட்சிகளும் எழுதப்பட்டிருந்தால் என்று ஏங்க வைக்கும் வரிகள்."

இரண்டாவது முதலாவதைவிடக் கடுமையானது. ஆனால் எழுதியவர் இதைப் படித்தால் அடுத்த நாவலில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வாசகருக்கும் தன் ரூபாயை வைத்து முடிவெடுக்கத் தேவையானது கிடைத்துவிட்டது.

வெளியிடும் முன் இரண்டு நாள்

எழுதி முடித்ததை இரண்டு இரவு தள்ளிவையுங்கள். பிறகு உரக்கப் படியுங்கள். ஆசிரியரின் அம்மா எதிரில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னால் சொல்ல நா கூசும் வாக்கியம் புத்தகத்தைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்று பாருங்கள். புத்தகத்தைப் பற்றியதென்றால் ஆதாரத்தோடு அப்படியே விடுங்கள். ஆளைப் பற்றியதென்றால் எடுத்துவிடுங்கள்.

சட்டமும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அவதூறுக்கான ஆறாவது விதிவிலக்கு, மக்கள் தீர்ப்புக்கென்று வைக்கப்பட்ட படைப்பைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்ல இடம் தந்தது. புத்தகம் வெளியிடுபவர் அதை மக்கள் தீர்ப்புக்கு வைக்கிறார் என்று அங்கேயே எடுத்துக்காட்டும் உண்டு. இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். "இவர் புத்தகம் அசட்டுத்தனமானது, எழுதியவரும் பலவீனமானவராகத்தான் இருக்க வேண்டும்" என்று நல்லெண்ணத்தோடு சொல்வது விதிவிலக்குக்குள் வரும், ஏனென்றால் அந்தக் கருத்துப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுத்தது. "இவர் புத்தகம் அசட்டுத்தனமாக இருப்பதில் வியப்பில்லை, ஆளே பலவீனமான ஒழுக்கங்கெட்டவர்தானே" என்றால் வராது, அந்தக் கருத்து புத்தகத்துக்கு வெளியிலிருந்து வந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இந்த விதிவிலக்கு தொடர்கிறது. ஊரில் ஒருவரைப் பற்றி உலவும் பேச்சு எல்லாம் இந்த இரண்டாம் வகை. சின்ன ஊரில் அது காதில் விழாமல் இருக்காது, எழுத்தில் வராமல் இருந்தால் போதும்.

வெளிவந்த பின்

எழுத்தாளர் போன் செய்வார். குறையைச் சொல்லியிருந்தால் கோபமாகப் பேசவும் செய்வார், மூன்று ஆண்டு உழைப்பு அது. முதல் அழைப்பில் வாதாடாதீர்கள். "தகவல் எதுவும் தவறாகப் போட்டிருந்தால் பக்கம் சொல்லுங்கள் அண்ணா, உடனே திருத்துகிறேன். கருத்து என்னுடையது, அது இருக்கட்டும்" என்று சொன்னால் பேச்சுக்கு ஒரு வரம்பு கிடைக்கும். நோட்டை எடுத்துப் பக்க எண்ணைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். ஞாபகத்திலிருந்து பேசினால் தடுமாறுவீர்கள்.

உங்கள் பக்கம் தவறு என்று தெரிந்தால், தவறான வாக்கியத்தை மாற்றிவிட்டு, எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்று அடியில் எழுதுங்கள். அச்சில் வந்ததென்றால் அடுத்த இதழில், அதே பகுதியில், கண்ணில் படும் இடத்தில் திருத்தம் வர வேண்டும். சத்தமில்லாமல் மாற்றுவதும், தொல்லை வேண்டாம் என்று மதிப்புரையையே நீக்குவதும் கூடாது. ஒருமுறை நீக்கினால், அடுத்த எழுத்தாளரும் அதையே கேட்பார்.

புத்தகத்தைக் குறை சொல்லி எழுதியதை எழுத்தாளருக்கு நீங்களே தேடிப் போய் அனுப்பிக் காட்ட வேண்டியதில்லை. பிரதி அனுப்பியவருக்கு மட்டும், வெளிவந்துவிட்டது என்று ஒரு வரி தெரிவித்தால் போதும். பாராட்டி எழுதியதற்கு வரும் பரிசு, சால்வை, விழா அழைப்பு எதையும் ஏற்க வேண்டாம்.

பிரதியை விற்காதீர்கள். ஊர்க் கிளை நூலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுத்துவிடலாம். குறிப்பேட்டை மட்டும் அடுத்த பதிப்பு வரும்வரை ஈரம் படாத இடத்தில் வைத்திருங்கள். இரண்டாம் பதிப்பு கடைக்கு வந்ததும், நீங்கள் சுட்டிய பக்கங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். 1899 என்பது 1908 ஆகியிருந்தால், "இரண்டாம் பதிப்பில் இப்பிழை திருத்தப்பட்டுள்ளது" என்று பழைய மதிப்புரையில் தேதியோடு ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.